நெட்டா, ஜிஆர்இயா, ரோஸ்டாக்கா? மக்கள்தொகையியலில் முனைவர் பட்டத்துக்கு யாருடைய பணத்தில் படிப்பது

முதுகலை முடிவுகள் வந்த கையோடு எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "அக்கா, நெட் எழுதட்டுமா, ஜிஆர்இ எழுதட்டுமா?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நெட் என்பது இங்கே ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு, ஜிஆர்இ என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எழுதும் தேர்வு. இந்த முறை மூன்று பேர் கேட்டார்கள். மூவருக்கும் வெவ்வேறு பதில் சொன்னேன். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி சொன்னீங்க?" என்று வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. காரணத்தை நான் விளக்கவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர் திருப்பூர்ப் பெண். பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் இப்போது அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே பள்ளியில் சேர்த்து வேரூன்றுவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர். அதைத்தான் ஆராய வேண்டும் என்கிறார். இரண்டாமவர் கணிதப் பட்டதாரி. எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், எஞ்சியவர்கள் இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று கணக்கிடும் ஆயுள் அட்டவணை என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். மூன்றாமவர் ஒரு சுயநிதிக் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறார், இரண்டு குழந்தைகளின் தாய்.

பணக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி நெட் வழியாகத் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து அது முதுநிலை உதவித்தொகை (எஸ்ஆர்எஃப்) ஆனால் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு ஊருக்கு ஏற்ப வீட்டு வாடகைப் படி தனியாக உண்டு. மொத்தம் 5 ஆண்டு வரை. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆர் தரும் முனைவர் பட்ட ஃபெலோஷிப் மாதம் 20,000. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை 25,000 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தேர்வு நடத்துகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரில் முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம். நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தால் மாதம் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படிச் சேர்ந்தால் பெரும்பாலும் கைக்காசுதான். கடல் தாண்டினால், அமெரிக்காவில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, நல்ல துறைகள் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் தருகின்றன. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு என்பதே ஒரு வேலை. ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுப்பார்கள், மருத்துவக் காப்பீடு முதலானவை அதிலேயே அடங்கும்.

இந்தத் தொகைகளை ரூபாயாக மாற்றி வரிசைப்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் ஓர் அறைக்கு என்ன வாடகை, சிதம்பரத்தில் என்ன வாடகை என்று பார்த்தாலே அந்த வரிசை குலைந்துபோகும். அதைவிடப் பெரிய விஷயம், பணம் யாருடைய பெயரில் வருகிறது என்பது. முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாறு ஆண்டு இழுக்கும். நெறியாளர் ஓய்வு பெறலாம், தலைப்பு மாறலாம், திட்டம் முடிந்துபோகலாம். அப்போது உங்களோடு கூடவே வரும் பணம் வேறு, அங்கேயே நின்றுவிடும் பணம் வேறு.

ஜேஆர்எஃப் உங்கள் பெயரில் வருவது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த கைடு, எந்தக் கேள்வி என்பதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள். இடையில் கல்வி நிறுவனம் மாறினாலும், இழுபறி இருந்தாலும், ஃபெலோஷிப்பை எடுத்துச் செல்ல வழி உண்டு. திட்ட உதவியாளராக இருந்துகொண்டே ஆய்வு செய்பவருக்கு அந்த வழி கிடையாது. திட்டத்தை வாங்கியவர் பேராசிரியர், கேள்வியும் அவருடையதே. என்னோடு படித்த ஒருவர் தாய்மார் இறப்பு பற்றிய ஒரு திட்டத்தில் நான்கு ஆண்டு வேலை செய்தார். அவருடைய ஆசை முதியோர் பற்றி எழுதுவது. திட்டம் முடிந்த பிறகு அவர் கையில் இருந்தது தன்னுடையதல்லாத ஒரு தரவுத்தொகுப்பு மட்டுமே.

அதனால் இந்தியாவில் கள ஆய்வு செய்ய நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் முதலில் நெட்டைப் பார்க்கச் சொல்வேன். மக்கள்தொகையியல் நெட்டில் ஒரு தனிப் பாடம், பாட எண் 15. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. சிறிய பாடம் என்று யாரும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். எழுதுபவர்கள் குறைவு, ஜேஆர்எஃப் இடங்களும் அதே அளவுக்குக் குறைவு. நமக்கு வாய்ப்பான ஒன்று உண்டு. ஆயுள் அட்டவணை, கருவுறுதல் அளவைகள், இடப்பெயர்வுக் கணக்குகள், மக்கள்தொகைக் கணிப்பு ஆகியவற்றைக் கையால் போட்டுப் பழகியவருக்கு இரண்டாம் தாள் வசப்பட்டுவிடும். மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. பின்னிரண்டில் வந்தவர்களுக்குச் சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். இந்த ஓராண்டைப் பலர் கவனிப்பதில்லை. 2024 ஜூன் 18இல் நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்து, ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி நடத்தினார்கள். அன்று எழுதி முடித்து வீடு திரும்பியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரே தேர்வை நம்பி, கிடைத்த வேலையை விட்டுவிடாதீர்கள் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்கிறேன். ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, கைடு வேண்டும். யுஜிசியின் 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் நெறிப்படுத்த முடியும். மக்கள்தொகையியலுக்குத் தனித் துறை உள்ள இடங்கள் தெற்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோவை பாரதியார், அண்ணாமலை, திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா, கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் என்று சில. இவற்றோடு திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம், பெங்களூருவில் ஐசெக் என்ற சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனம், காந்திகிராம மக்கள்தொகை ஆய்வு மையம். மும்பை தேவ்னாரில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமான ஐஐபிஎஸ் இருக்கிறது. 1956இல் பயிற்சி மையமாகத் தொடங்கி, தேசிய குடும்பநல ஆய்வுகளை நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. இவற்றில் எங்கே இடம் காலியாகும் என்பதை நெட் முடிவு வருவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி விசாரித்து வைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு தேடத் தொடங்கினால் ஒரு பருவம் வீணாகும்.

பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணவர் அந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று கல்வி நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் உறுதி செய்தால்தான் வங்கிக் கணக்கில் தொகை விழும். நான் ஆய்வு செய்த இடத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்குக் கடவுச்சொல் கிடைக்கவில்லை. நான்கு மாதம் பணம் வரவில்லை. நிலுவை மொத்தமாகக் கையில் விழுவதற்குள் அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேர வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பணம் இல்லாதவர்கள், சேருவதற்கு முன் அங்கிருக்கும் சீனியர்களிடம் "எப்போது பணம் விழுகிறது?" என்று கேட்டுவிடுங்கள். ஆய்வுத் தலைப்பைப் பற்றி விசாரிப்பதைப் போலவே இதுவும் அவசியமான கேள்வி.

அமெரிக்கா பக்கம் வருகிறேன். அங்கே மக்கள்தொகையியலுக்கென்று தனி முனைவர் பட்டம் தரும் இடங்கள் குறைவு. பெர்க்லி, பென்சில்வேனியா போன்ற சிலவற்றில் உண்டு. மற்ற இடங்களில் சமூகவியலிலோ பொருளாதாரத்திலோ பொது சுகாதாரத்திலோ சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை மையத்தில் பயிற்சி பெறுவார்கள். பிரின்ஸ்டனின் மையம் 1936இலிருந்து இருக்கிறது. மிச்சிகன், வட கரோலினா, விஸ்கான்சின் என்று பட்டியல் நீளும். உலக நாடுகளின் கணக்கெடுப்புத் தரவுகளை ஒரே வடிவத்தில் தரும் ஐபம்ஸ் மினசோட்டாவில் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்கள்தான், ஆனால் அந்தப் பாடங்களுக்கு ஈடு இங்கே இல்லை. ஒரு கேள்வியைச் சமூகவியல் கோட்பாட்டோடு இணைத்து எழுதும் பயிற்சி அங்கே கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

நம் மாணவர்கள் அறியாத ஒன்று உண்டு. அந்த மையங்கள் பலவற்றுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவுதான் பணம் தருகிறது. மாணவர்களுக்கென்று அது தரும் பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவருக்குத் துறை தன் சொந்தப் பணத்திலிருந்தோ, கற்பித்தல் உதவியாளர் வேலையிலிருந்தோ, பேராசிரியரின் திட்டத்திலிருந்தோதான் கொடுக்க முடியும். ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்தால் "ஐந்து ஆண்டும் உறுதியா, எந்தக் கணக்கிலிருந்து?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை உங்களுக்கு நேரம் இருக்கும்.

2025இல் அந்த ஊற்று சுருங்கியது. பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன. தேசிய சுகாதார நிறுவனம், தன் மானியத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை நிறுத்துவதாக 2025 மே மாதம் அறிவித்தது. இந்தியாவில் கள ஆய்வு செய்ய அமெரிக்கப் பேராசிரியர்கள் பயன்படுத்திவந்த வழி அதுதான். நம்மைப் போன்றவர்களை அதைவிட உலுக்கியது, 2025 பிப்ரவரியில் டிஹெச்எஸ் திட்டம் நின்றுபோனது. 1984இல் தொடங்கி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தை இறப்பு, கருவுறுதல், ஊட்டச்சத்து ஆகியவற்றை ஒரே அளவுகோலில் அளந்துவந்த திட்டம் அது. பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டினுடையது. அது நின்றதும், தரவு கேட்டுப் புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நம் தேசிய குடும்பநல ஆய்வின் தரவையும் பெரும்பாலோர் அந்தத் தளத்திலிருந்துதான் இறக்கிக்கொள்வது வழக்கம். ஆய்வுத் திட்டம் ஒப்புதலாகி, தரவுக்காகக் காத்திருந்த ஒரு மாணவர் அன்று என்னிடம் பேசியபோது அவர் குரல் உடைந்தது. கேட்ஸ் அறக்கட்டளை பிறகு இடைக்கால உதவிக்கு முன்வந்தது ஆறுதல்தான். ஆனாலும் ஒரு நாட்டுத் தேர்தல் முடிவு, இன்னொரு நாட்டில் ஒருவருடைய மூன்றாம் அத்தியாயத்தை நிறுத்திவிடும் என்பதை அந்த ஆண்டு கண்ணால் பார்த்தோம்.

அமெரிக்காவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமூகவியலாளராகவோ பொருளியலாளராகவோ உலக அளவில் வேலை தேட விரும்புபவர்களுக்கு அந்தப் பட்டம் இன்றும் வலுவானது. விண்ணப்பிக்கிற ஆண்டில் வேறொரு வழியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவின் கதை வேறு. ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் ரோஸ்டாக்கில் 1996இல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம்தான் அதில் முதலிடம். ஜேம்ஸ் வாபெல் அதன் நிறுவன இயக்குநர். மனித ஆயுளுக்கு எல்லை உண்டா என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டி, 2022இல் மறைந்தார். முனைவர் பட்ட இடங்களை அங்கே வேலை விளம்பரம்போல் அறிவிப்பார்கள். ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி, நெதர்லாந்தில் ஹேக் நகரின் நிடி என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான். காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டு. முதுகலை முடித்திருக்க வேண்டும், கணிதமும், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற கணினி மொழியும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தலைப்பின் வரம்பு விளம்பரத்திலேயே எழுதியிருக்கும். "இத்தாலியில் முதல் குழந்தை தள்ளிப்போவது" என்று எழுதியிருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். திருப்பூரைப் பற்றி அவர்களுக்குக் கேட்க ஆர்வம் இருந்தாலும் அதற்கு ஒதுக்கிய பணம் இருக்காது.

ஆனால் இறப்பைக் கணிதமாகப் பார்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ரோஸ்டாக்கும் பெர்க்லியும் சேர்ந்து உருவாக்கிய மனித இறப்புத் தரவுத்தளத்தில், நம்பகமான பதிவுகள் உள்ள சுமார் 40 நாடுகளின் தரவு இருக்கிறது. சுவீடனுக்கு 1751 வரை பின்னோக்கிப் போகலாம். இந்தியா அதில் இல்லை. நம் பிறப்பு இறப்புப் பதிவின் நிலை அப்படி. வருங்கால இறப்பு விகிதங்களைக் கணிக்கும் லீ–கார்ட்டர் மாதிரியைச் செம்மைப்படுத்த விரும்பும் ஒருவர் இங்கேயே இருந்தால், தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து பதியும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் தரும் ஐந்தைந்து வயதுத் தொகுதிகளோடு காலமெல்லாம் போராட வேண்டும்.

முழுப் பட்டத்துக்கும் வெளிநாடு போவதா, இங்கேயே இருப்பதா என்ற இரண்டை மட்டுமே வைத்துப் பலர் யோசிக்கிறார்கள். நடுவில் இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். இங்கே ஜேஆர்எஃப்பில் பதிவு செய்துவிட்டு, சில மாதங்களுக்கு வெளியே போய்வருவது. ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப் இந்தியாவில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கானது, 6 முதல் 9 மாதம். முடித்த பிறகு இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விசா நிபந்தனை உண்டு. ஐரோப்பிய மக்கள்தொகையியல் முனைவர் பள்ளி ஓராண்டுத் தீவிரப் பயிற்சி. கல்விக் கட்டணம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கு வழி தேட வேண்டும். தருவது பட்டமல்ல, சான்றிதழ். ஆனால் அந்த ஓராண்டில் கற்கும் முறையியல், நம் கோர்ஸ் ஒர்க்கின் 12 கிரெடிட்டுகளோடு ஒப்பிட முடியாதது.

மூன்றாவது, வியன்னாவுக்குப் பக்கத்தில் லாக்சன்பர்க் அரண்மனையில் இயங்கும் ஐஐஏஎஸ்ஏ என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் இளம் அறிவியலாளர் கோடைத் திட்டம். 1977இலிருந்து நடக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம், ஒரு நெறியாளர், ஒரு கட்டுரை. இந்தியா உறுப்பு நாடு என்பதால் இந்திய அரசின் டிஃபாக் அமைப்பு வழியாக நம்மவர்களுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு உண்டு. விண்ணப்பம் ஜனவரிவாக்கில் முடியும். நான் போனது இதற்குத்தான். கல்வி அளவையும் வயதையும் சேர்த்து மக்கள்தொகையைக் கணிக்கும் முறையை அங்கே கற்றேன். வந்து என் ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஊரில் பணம் என் பெயரில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. விடுப்புக் கேட்டு எந்தத் திட்டத் தலைவரிடமும் நிற்க வேண்டியிருக்கவில்லை, கைடின் ஒரு கையெழுத்தும் அலுவலக அனுமதியும் போதுமாயிருந்தன.

இப்போது இந்தியாவில் இருப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் சேர்ந்திருக்கிறது. கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். இடையில் பிறந்த குழந்தைகள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள், நாமோ இன்னும் 2011இன் எண்களை வகுக்கும் எண்ணாக வைத்து விகிதம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16இல் அரசிதழில் அறிவிப்பு வந்தது. பனி சூழ்ந்த பகுதிகள் நீங்கலாக 2027 மார்ச் 1 குறிப்பு நாள். 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் கணக்கெடுக்கப் போகிறார்கள். இப்போது பதிவு செய்பவருடைய ஐந்தாண்டு ஃபெலோஷிப்பின் நடுவில் இந்தக் கணக்கெடுப்பு வருகிறது. எல்லா அட்டவணையும் அதற்குள் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். 2011இன் இடப்பெயர்வு அட்டவணைகள் வர எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது அந்தத் துறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு இது. எண்ணப்படும் ஊரில், எண்ணுகிறவர் கதவைத் தட்டும் நேரத்தில் ஆய்வாளர் அங்கே இருப்பது, வந்த எண்ணைப் படிக்கும் விதத்தையே மாற்றிவிடும்.

திருப்பூர்ப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய கேள்விக்குத் தரவு எந்தத் தளத்திலும் இல்லை. அனுப்பர்பாளையம் பக்கத்து வாடகை வீடுகளில், ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்ற பேச்சில், பிரசவத்துக்கு மனைவி ஊருக்குப் போகிறாளா இங்கேயே அரசு மருத்துவமனைக்குப் போகிறாளா என்பதில் இருக்கிறது. அமெரிக்கா போனால் களத்துக்கு வர மூன்றாண்டு ஆகும். அதற்குள் அந்தக் குடும்பங்கள் வேறு தெருவுக்குப் போயிருக்கும். ஐரோப்பாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆகவே நெட், ஜேஆர்எஃப், பிறகு மூன்றாம் ஆண்டில் ஒரு கோடைக்காலம் வெளியே. ஜேஆர்எஃப் வராவிட்டால் இன்னொரு முறை நெட்டும், கூடவே முதலமைச்சர் உதவித்தொகைத் தேர்வும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பணமே இல்லாமல் பதிவு செய்யாதே என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். முழுநேர ஆய்வு என்று பதிவு செய்துவிட்டு, மாலையில் டியூஷன் எடுத்து, ஏழாம் ஆண்டில் களைத்து விட்டுவிட்டுப் போன பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் வரும் இழப்பு அந்தப் பெண்களோடு நிற்பதில்லை. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளும் போய்விடுகின்றன.

கணிதத் தம்பிக்கு நான் சொன்னது நேர்மாறு. நெட்டுக்கு ஓராண்டைச் செலவழிக்காதே, இந்த ஓராண்டில் ஆர் மொழியை நன்றாகக் கற்று, மனித இறப்புத் தரவுத்தளத்திலிருந்து ஒரு நாட்டை எடுத்து ஒரு சிறு கட்டுரை எழுது, அதோடு ரோஸ்டாக்குக்கு விண்ணப்பி. தலைப்பு முன்பே முடிவாகியிருப்பது அவருக்குக் குறையே இல்லை. எந்த நாட்டு மரணமானாலும் வளைகோடு அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பவர். அந்த வித்தையோடு என்றாவது நம் பதிவுகளின் பக்கம் திரும்பி வருவார் என்று நம்புகிறேன்.

கல்லூரியில் பாடம் எடுக்கும் அந்த அம்மாவிடம் வேலையை விடவேண்டாம் என்றேன். ஜேஆர்எஃப் முழுநேரத்துக்கு மட்டும். பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு 2022 விதிகளில் இடம் இருக்கிறது, நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதிகபட்சக் காலம் 6 ஆண்டு, பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. இவருக்குப் பணத்தைவிட நேரம்தான் பற்றாக்குறை. அதனால் களத்துக்கே போகத் தேவையில்லாத கேள்வி ஒன்றை இருவரும் சேர்ந்து தேடினோம். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் மொத்தக் கருவுறுதல் விகிதம். மாதிரிப் பதிவுத் திட்டம் தமிழ்நாட்டில் அது 2020இல் 1.4 என்கிறது. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வு 1.8 என்கிறது. பள்ளிகளை மூடுவதா, முதியோர் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, நாடாளுமன்றத் தொகுதிகள் எத்தனை என்று ஊரே பேசுவது இந்த எண்ணை வைத்துத்தான். இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? ஒன்று பிறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்து கணக்கிடுகிறது, மற்றது வீட்டுக்குப் போய், பெண்ணின் பிள்ளைப்பேற்று வரலாற்றைக் கேட்டு, முந்தைய மூன்று ஆண்டுகளுக்குச் சராசரி போடுகிறது. விடை அங்கிருந்து தொடங்கலாம். குடும்பநல ஆய்வின் அலகுநிலைத் தரவு, அதாவது ஒவ்வொரு பெண்ணும் சொன்ன பதில்கள் தனித்தனியாக இருக்கும் தரவு, அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு, இரவு ஒன்பதரை மணிக்கு மேல், மாவட்டம் மாவட்டமாகப் பிறப்பு வரலாறுகளைத் திறந்துகொண்டிருக்கிறார். போன வாரம் விருதுநகர் முடிந்தது.